ஆசீர்வாதம் அண்ணாச்சி அடுக்கிய கற்கள்

வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு மூட்டை ஏற்ற வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தியைச் சொன்னார். கீழே இறங்கக்கூட இல்லை. படியில் நின்றபடியே, "பிரஸ்காரரே, போடி இரும்புக்கடை அண்ணாச்சி தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறாக" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். அந்தப் பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன். அது பெரியகுளம் போகிற பஸ். போடிப் பக்கம் போகிறது வருவதற்கு மதியம் ஆகிவிட்டது. பெட்ரோல் கிடைக்காததால் இப்போது ஓடுவதெல்லாம் கரிவண்டிதானே. தேனி தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் அடுப்பைக் கிளறுகிறார், புகை வருகிறது, வண்டி நகரக் காணோம். ரயிலில் போகலாமென்றால் தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குழியில் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் போட்டேன். முகத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

நினைவு ஜெபக் கூட்டத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உபதேசியார் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுப்பாக இருக்கிறது. இந்த யுத்தம் தொடங்கியதிலிருந்து யாராவது போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள், நானும் என் அச்சகத்தில் கறுப்புக் கரை போட்ட சாவுக் கார்டு அடித்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் ஆசீர்வாதம் அண்ணாச்சியை, கடப்பாரையும் ஆணியும் விற்ற நல்ல மனிதர் என்று ஒரு வரியில் முடித்துவிட மனம் ஒப்பவில்லை. அவரிடம் சங்கிலி வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவருடன் மலை ஏறியவன் நான்தான், அதுவும் முனகிக்கொண்டே ஏறியவன்.

அந்த நாளில் என் அச்சகம் போடி கடைத்தெருவில் அவர் கடைக்கு அடுத்த கடையாக இருந்தது. மேலே எஸ்டேட்டில் ஒரு துரை சீமைக்கே திரும்பிப் போனபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். அண்ணாச்சி ஒரு பெரிய தகரப் பெட்டியை எடுத்தார். கனத்தைப் பார்த்து உள்ளே உளியும் ரம்பமும் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார். கடையில் வைத்துப் பூட்டை உடைத்தால் அத்தனையும் புத்தகம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் மனைவி எஸ்தர் மதினி சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அது கடைசிவரை கடையிலேயே கிடந்தது.

எல்லாம் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து மலைகளைப் பற்றிய புத்தகங்கள். படங்களில் செங்கல் நிறத்தில் பாறைகள், நடுவே கண்ணுக்கெட்டாத பள்ளம், புல் பூண்டு இல்லாத பொட்டல். எழுதியவர்கள் அங்கே வேட்டையாடவும் போகவில்லை, தங்கம் தோண்டவும் போகவில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். எந்தச் சரிவில் ஏறலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறையில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் வெயில் விழுவது தெரியும், அதற்கு முன்னால் தகரக் குவளையில் காப்பியை எப்படிக் கொதிக்க வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அண்ணாச்சி மிஷன் பள்ளியில் படித்தவர். வியாபாரம் மந்தமான மதியங்களில் ஒரு பத்தியை இங்கிலீஷில் வாசிப்பார், அப்படியே தமிழில் எனக்குச் சொல்வார். "ஒரு பாறைல உக்கார்றதுக்கு நாலு பக்கம் எழுதிருக்கான் தம்பி. இவன்தான் மனுசன்" என்பார்.

நம் பக்கத்தில் மலைக்குப் போவதென்றால் ஒரு காரணம் வேண்டும். விறகுக்குப் போவார்கள், தேனுக்குப் போவார்கள், ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார்கள், சாமி கும்பிடப் போவார்கள், போலீசுக்குப் பயந்து போவார்கள். சும்மா போகிறவன் எவனும் இல்லை. அண்ணாச்சி சும்மா போகத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆராதனை முடிந்ததும் பட்டாளத்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. மதினி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றையும், அந்தப் புத்தகத்தில் கண்டபடி அவர் செய்து வைத்திருந்த தகரக் குவளையையும் சுமந்துகொண்டு பின்னால் போவேன். அந்தக் காப்பியில் பாதி சாம்பல் இருக்கும். அருமை என்று சொன்னால்தான் அடுத்த பாறைக்குக் கிளம்புவார்.

முதல் தடவை பண்ணைப்புரத்துக்கு மேற்கே ஏறும்போது ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் மறித்தார். உப்புச் சத்தியாக்கிரகம் எல்லாம் நடந்து ஊரெங்கும் சந்தேகமாக இருந்த சமயம். கையில் புத்தகத்தோடு காட்டில் திரிகிற இரண்டு பேரை அவர் எப்படி விடுவார்? எதுக்கு மேல போறீக என்றார். பார்க்க என்றார் அண்ணாச்சி. எதைப் பார்க்க? மலையை. கார்டு கொஞ்ச நேரம் எங்கள் முகத்தையே பார்த்தார். "கீழ இருந்து பாத்தாத் தெரியலையாக்கும்" என்றார். அண்ணாச்சி கோபப்படாமல் புத்தகத்தை விரித்துப் படத்தைக் காட்டினார். ஒரு துரையும் துரைசாணியும் பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பாவம், வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று எங்களை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறொரு ஆசை பிடித்துக்கொண்டது. நம்முடைய மலைக்கும் அந்த மாதிரி ஒரு புத்தகம் வேண்டும், தமிழில் வேண்டும், தான் எழுத வேண்டும், நான் அச்சடிக்க வேண்டும். எழுதினார் ஐயா, உட்கார்ந்து எழுதினார். மழைக்காலம் தவிர எல்லா ஞாயிறும் ஏற்றம்தான். வழி சொல்வதுதான் சிக்கலாக இருந்தது. நம் மலையில் எல்லாப் புதரும் ஒன்று போலிருக்கும். அமெரிக்கப் புத்தகத்தில் அதற்கும் வழி இருந்தது. அங்கே நடக்கிறவர்கள் திருப்பங்களில் கற்களை அடுக்கி வைப்பார்களாம், பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துக்கொண்டே போய்விடலாமாம். அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய கல், அதன்மேல் நடுத்தரக் கல், அதன்மேல் சின்னக் கல். எங்கெல்லாம் பாதை பிரிந்ததோ அங்கெல்லாம் அடுக்கினார். புத்தகத்திலும் 'கல் அடுக்கு கண்ட இடத்தில் இடப்புறம் ஏறவும்', 'அடுத்த அடுக்கு வரை ஓடையை ஒட்டி நடக்கவும்' என்றே எழுதினார். நானும் அச்சுக் கோத்து, பிழை பார்க்க மெய்ப்பு எடுத்துக் கொடுத்தேன்.

அச்சடிக்கும் முன் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். தேனி ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த மதுரைக் குமாஸ்தா ஒருவர் ஆர்வமாக முன்வந்தார். அவருக்கு இந்த மலை தெரியாது, அதனால் அவர்தான் பொருத்தம். மெய்ப்புத் தாள்களைக் கொடுத்து, பண்ணைப்புரத்தில் இறக்கிவிட்டோம். சாயங்காலம் அதே இடத்தில் திரும்பி வந்து சேர வேண்டும். வரவில்லை. அண்ணாச்சி முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. என்னமோ ஏதோ என்று விடிந்ததும் ஆள்களைக் கூட்டிக்கொண்டு ஏறினோம். நாங்கள் பாதி தூரம் போயிருக்கும்போது குமாஸ்தாவே எதிரே வந்தார், கூட ஒரு மலையாளத்து வாட்ச்மேன். முகடு தாண்டித் திருவிதாங்கூர் பக்கத்து ஏலக்காட்டில் போய் விழுந்திருக்கிறார். கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். "கல்லப் பாத்துத்தான் சார் போனேன். போற பக்கமெல்லாம் கல்லு அடுக்கியிருந்துச்சு" என்றார். அண்ணாச்சி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அவரைக் கீழே அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் மேலே போய்ப் பார்த்தோம். சரிவு முழுக்கக் கல் அடுக்கு. பெரிய கல், நடுத்தரக் கல், சின்னக் கல். அண்ணாச்சி வைத்த மாதிரியேதான். சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் வாடிய செவந்திப் பூ. முகட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஆடிச் சனிக்கிழமையில் குச்சனூர் கோயிலுக்கு வந்தவர்கள் சிலர் அப்படியே இதற்கும் ஏறியிருக்கிறார்கள். கோயில் மலையில் கல்லை அடுக்கி வைத்தால் சொந்த வீடு அமையும் என்று நம் ஜனங்களுக்கு எத்தனையோ இடத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த மலையில் மட்டும் அது இல்லாமல் இருந்தது. அமெரிக்காவிலிருந்து அண்ணாச்சி கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

பிடுங்கிப் போட்டுவிடலாம் என்றேன். நாலு ஆளை வைத்தால் வேலை முடிந்துவிடும், நம் கல்லை மட்டும் விட்டுவிடலாம் என்றேன். அவரும் சரியென்று குனிந்து ஒரு அடுக்கின் உச்சிக் கல்லை எடுத்தார். விறகுக் கட்டோடு இறங்கி வந்த ஒரு பெண் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அய்யா, அதப் பிரிச்சுறாதீக. அது எங்க வீடு."

அண்ணாச்சி கல்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கேலி இல்லாமல், கடையில் ஆணி அளவு கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"எப்படி வீடு ஆத்தா?"

"ஒரு அறை, ஒரு அடுக்களை. மழைக்கு ஒழுகக் கூடாது. அம்புட்டுத்தான்."

பண்ணைக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் ஒரு பக்கம் தட்டி வைத்துக் குடியிருக்கிறார்களாம். முன்னே இங்கே இதெல்லாம் இல்லை என்றும், யாரோ ஒரு புண்ணியவான் கல் வைத்து அவருக்கு வீடு அமைந்துவிட்டதாம் என்றும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் வைத்தோம் என்றும் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து அழுத்தினார். கல்லை இருந்த இடத்திலேயே வைத்து, ஆடாமல் இருக்க அடியில் ஒரு சில்லைச் செருகி, தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை வருஷ உழைப்பு மண்ணாய்ப் போகிறதே என்று. வேதக்காரர் நீங்கள், இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். ஓடைக்குப் பக்கத்தில் நின்று பதில் சொன்னார்: "நான் நம்பல தம்பி. அந்தம்மா நம்புது. இதுல என் கல்லு எது, அவுக கல்லு எதுன்னு எனக்கே தெரியல. கை வச்சா யாரு வீட்டயாச்சும் இடிச்சுருவேன்."

பிறகு மரங்களையும் பாறைகளையும் அடையாளமாக வைத்து எழுதிப் பார்த்தார். அடையாளம் சொன்ன மரத்தை அடுத்த வருஷம் வெட்டிவிட்டார்கள். ஒரு பாதையை மழை அடித்துக்கொண்டு போயிற்று. யுத்தம் வந்தது, காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, அவருக்கு மாரில் வலி வந்தது. நான் அச்சகத்தோடு வடுகபட்டிக்கு வந்துவிட்டேன். போன தடவை பார்க்கப் போனபோது கடையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பேச்சு நேரே புத்தகத்துக்குத்தான் வந்தது. "வழியெல்லாம் எடுத்துருங்க தம்பி. வழி கேட்டா அங்கன இருக்கவுக சொல்லுவாக. உக்கார்ற இடம் மட்டும் இருந்தாப் போதும்" என்றார். வழி இல்லாத வழிப்புத்தகத்தை எவன் வாங்குவான் என்று நான் சிரித்தேன். காகிதம் வரட்டும், பார்ப்போம் என்றேன். அவரும் காகிதம் வரட்டும் என்றார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனதும் மதினி என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அந்தப் புஸ்தகம் வருமா என்று கேட்டார்கள். பெட்டியை வீட்டுக்குள் விடாத மதினி. "ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க போனாக, என்னத்தப் பாத்தாகன்னு நான் ஒரு நா கேட்டதில்ல. எழுத்துல இருந்தா யாரயாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்" என்றார்கள். எனக்கு வாயில் வந்தது பழைய பதில்தான். காகிதம் வரட்டும் மதினி என்றேன். "அவுகளும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாக" என்றார்கள். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

இனி காகிதத்துக்காகக் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கென்று வைத்திருந்த மஞ்சள் தாளில் அவர் எழுதியதில் ஒரு பக்கத்தை அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்:

'பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலைச்சரிவில் ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. விறகெடுக்க வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வெயில் சாயும் முன் போய்ச் சேர்ந்து, கிழக்கே பார்த்து உட்காருங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கிற மலையின் நிழல் முதலில் ஊர்மேல் விழும். பிறகு வயல்களைத் தாண்டும், ஆற்றைத் தாண்டும், எதிர்மலையில் ஏறும். அது ஏறி முடிகிறவரை எழுந்திருக்க வேண்டாம்.'

நேற்று மதினிக்கு நானே வாசித்துக் காட்டினேன். "இதுக்குத்தான் போனாகளா" என்றார்கள். பிறகு இன்னொருக்க வாசிக்கச் சொன்னார்கள்.

புத்தகப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தின் ஈய எழுத்துகளை மட்டும் கலைக்காமல் நூலால் கட்டி மேசைமேல் வைத்திருக்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் வருகின்றன, பத்திரிகை கோக்க எழுத்துப் போதவில்லை, அதைக் கலைத்துக் கொடுங்கள் என்று அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் தினமும் கேட்கிறார். கேட்டுக்கொண்டிருக்கட்டும்.