போஞ்சிக்குள் மணத்தக்காளி

அம்மா தொழிற்சாலையிலிருந்து எனக்கு ஒரு போஞ்சிக்காய்கூடக் கொண்டுவந்ததில்லை. கேட்டிருக்கிறேன். பட்டாணிக் காலத்தில் பட்டாணி கேட்டேன். போஞ்சிக் காலத்தில் போஞ்சி கேட்டேன். "அங்கத்தைச் சாமான் அங்கதான் கிடக்கும்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜெர்மனியில் எங்கள் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. கீரை, பட்டாணி, போஞ்சி எல்லாம் லொறியில் வந்து இறங்கும். கழுவி, அரை அவியலாக அவித்து, உறைய வைத்து, பையில் அடைத்து அனுப்புவார்கள். கெல்சென்கிர்ச்சன் நகரக் கடைகளிலும் அந்தப் பைகள் கிடக்கும். அம்மாவுக்கு ஓடும் பட்டியில் வேலை. பட்டியில் காய் ஓடிவரும். கல், புல், களை, சில நேரம் தவளை, எது வந்தாலும் பொறுக்கிச் சிவப்பு வாளியில் போட வேண்டும். வேலைச் சட்டைக்குப் பையே வைத்துத் தைப்பதில்லை. பையிலிருந்து எதுவும் காய்க்குள் விழக்கூடாது என்று அப்படி ஏற்பாடு.

எனக்குப் பத்து வயதில் சித்தி வந்தார். அம்மாவின் தங்கை. என் கட்டில் சித்திக்குப் போனது. எனக்கு நிலத்தில் மெத்தை. அம்மாவின் நல்ல குளிர் ஜாக்கெட்டும் போனது. நான் வளர்ந்தால் எனக்கு என்று சொல்லி வைத்திருந்த ஜாக்கெட். ஞாயிற்றுக்கிழமை அம்மா என் தலைக்கு எண்ணெய் வைப்பார். இப்போது முதலில் சித்தியின் தலை. என் முறை வரும்போது அம்மாவின் கை களைத்திருக்கும்.

சித்திக்கு வாய் முழுக்கப் புண். சோறு இறங்காது. அம்மா கஞ்சி காய்ச்சி, ஆற வைத்து, கரண்டியால் கொடுத்தார். வளர்ந்த ஆளுக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எனக்கும் வாய் எரியுது."

"ஆ காட்டு."

காட்டினேன்.

"ஒண்டுமில்லை. போய்ப் படி."

"உள்ளுக்கு எரியுது."

"உள்ளுக்கு எரியிறதுக்கு மருந்தில்லையடி" என்றார் சித்தி, அந்தப் புண்வாயோடு. அம்மா சிரித்துவிட்டார். எனக்கு இன்னும் எரிந்தது.

பள்ளி விடுமுறை அது. வேலை முடியும் நேரத்துக்கு நான் பஸ்ஸில் போய்த் தொழிற்சாலை வாசலில் நிற்பேன். அம்மாவோடு திரும்பி வருவேன். அந்த நேரம் மட்டும் சித்தி இருக்கமாட்டார்.

ஒரு நாள் வாசல் காவலாளி எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கிளை. வாடின இலை, கொத்தாகக் கறுத்த பழங்கள். காவலாளி பெட்டியை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

மேற்பார்வையாளரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்கு ஜெர்மன் பட்டி வேலைக்கு வேண்டிய அளவுக்குத்தான் தெரியும். அதனால் என்னையும் உள்ளே விட்டார்கள். சுவரில் களைகளின் படங்கள் தொங்கின. எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பு வட்டத்துக்குள், அதே செடி.

"இது நஞ்சு. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேள்" என்றார் மேற்பார்வையாளர்.

கேட்டேன்.

"என்ன நஞ்சு? மணத்தக்காளி. போஞ்சியோட சேந்து வருது. வாய்ப்புண்ணுக்கு இதை விட்டா மருந்தில்லை. தங்கச்சிக்கெண்டு சொல்லு."

சொன்னேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அம்மா பெட்டியைத் திறந்து ஒரு கறுத்த பழத்தை ஆய்ந்து வாயில் போட்டார். இன்னொன்றும் போட்டார். மேற்பார்வையாளர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டார். முதலுதவிப் பெண் தண்ணீரோடு ஓடிவந்தாள். பிறகு எல்லோரும் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உவையள் என்ன பாக்கினம்?"

"நீங்க சாகிறீங்களோ எண்டு."

"பஸ் போயிடும் எண்டு சொல்லு."

அம்மா விழவில்லை. மேற்பார்வையாளர் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தார். குப்பையை எடுப்பதைத் திருட்டு என்று சொல்லமாட்டேன் என்றார். ஆனால் இதைச் சாப்பாடு என்று நினைக்கிற ஆளைப் பட்டியில் நிறுத்த முடியாது. ஒரு கொத்து தவறிப் பைக்குள் போனால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும்.

"நான் ஒண்டையும் தவறவிடேல்லை. எல்லாம் வாளிக்குத்தான் போனது. வாளிக்குள்ள இருந்துதான் எடுத்தனான் எண்டு சொல்லு."

அதையும் சொன்னேன். நம்புகிறேன் என்றார். ஆனாலும் அடுத்த திங்களிலிருந்து அம்மாவுக்குக் குளிர் மண்டபத்தில் வேலை. உறைந்த பைகளைப் பெட்டியில் அடுக்கும் இடம்.

பஸ்ஸில் ஏறினோம். நான்தான் கேட்டேன்.

"எனக்கு வாய்ப்புண் எண்டா இப்பிடிக் கொண்டு வருவீங்களோ?"

"உனக்கேன்? உனக்குக் காட் இருக்கு. டாக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவன்."

அது மருத்துவக் காப்புறுதி அட்டை. சித்திக்கு அப்போது அது இல்லை. சித்தி இருக்க வேண்டியது வேறு ஊரில், அகதி முகாமில். சொல்லாமல் எங்களிடம் வந்து நின்றார். டாக்டரிடம் போனால் அது வெளியே வந்துவிடும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கொண்டுவரமாட்டார் என்பது மட்டும் காதில் விழுந்தது.

அம்மாவின் கைக்குள் ஒரு பழம் மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பால்கனிச் சட்டியில் நசுக்கிப் புதைத்தார்.

குளிர் மண்டபத்திலிருந்து வந்தால் அம்மாவின் விரல்கள் சிவந்து மடங்காமல் நிற்கும். சித்தி இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்துத் தேய்த்துவிடுவார். நானும் போவேன். "நீ தள்ளு, தண்ணியைக் கொட்டிப்போடுவாய்" என்பார் சித்தி. அதிலும் எனக்கு இடம் இல்லை.

அடுத்த கோடைக்குள் சித்திக்குத் தங்கவும் வேலை செய்யவும் விசா கிடைத்தது. சட்டியில் மணத்தக்காளி தழைத்து நின்றது. ஒரு ஞாயிறு குசினிக்குள் சிரிப்புக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அம்மா ஒரு இலையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"நஞ்சு" என்றார் சித்தி ஜெர்மனில்.

"சிரியாமல் சொல்லு."

"நஞ்சு."

"தின்னலாமோ?"

"ஐயோ, ஏலாது!"

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அடுப்பில் அதே இலை சொதியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். வா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை மேற்பார்வையாளர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சித்தியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டியில் ஓர் இடம் காலியாம்; அது அம்மாவுக்கு முதலே தெரிந்திருந்தது. அம்மா திரும்பி வரலாம் என்றார் அவர்.

"எனக்குக் குளிர் பழகிட்டுது. தங்கச்சியை எடுக்கச் சொல்லு."

சொன்னேன். அவர் சுவரிலிருந்த படத்தைக் காட்டிச் சித்தியிடம் கேட்டார். சித்தி முகம் அசையாமல் பதில் சொன்னார். அம்மா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது.

கட்டில், ஜாக்கெட், எண்ணெய், இப்போது அம்மாவின் இடமும். பஸ்ஸில் நான் தள்ளி உட்கார்ந்தேன். அவர்கள் முன்னால் இருந்தார்கள். அம்மாவின் இரண்டு கைகளையும் சித்தி தன் ஜாக்கெட்டுக்குள் இழுத்து வைத்திருந்தார்.

இரண்டு தடவையும் மொழிபெயர்த்தது நான்தான். ஒரு சொல்லும் பிசகவில்லை. விளங்கத்தான் இல்லை.

அன்றைக்கும் மணத்தக்காளிச் சொதி. அம்மா என் கோப்பையில் ஊற்ற வந்தார். வேண்டாம் என்றேன். நஞ்சு என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை.