கிணற்று மேட்டில் ஒரு சத்தியாக்கிரகம்

நசரத்பேட்டையில் மல்லித்தோட்டக்காரர் திருவேங்கடத்துக்கு ‘ஒரே நியாயம்’ என்றுதான் பட்டப்பெயர். அரசியல் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, வீட்டுக்கு எது நியாயமோ அதுதான் நாட்டுக்கும் என்பார். சொன்ன சொல்லை மாற்றுவது அவர் வம்சத்திலேயே கிடையாது. ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று வாய்விட்டுவிட்டு, மனைவி கன்னியம்மாள் இரண்டு கை அள்ளிப் போட்ட பிறகும் “இன்னும் பத்தல” என்று கண்ணில் நீர் வர விழுங்கிய மனுஷர்.

உப்புக் காய்ச்சப் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கிய கோடை அது. அடிபட்டும் திருப்பி அடிக்காதவர்களை மெச்சி, திருவேங்கடம் தெருவில் நின்று பொரிந்து தள்ளினார்.

“உப்பு இன்னா, வெள்ளக்காரன் பாட்டன் சொத்தா? கடல் குடுக்குது, ஜனங்க அள்றாங்க. குறுக்க நிக்க இவன் யாரு?”

அந்த வாரமே ஊர்க்கிணறு வற்றியது. பக்கத்து வீட்டு நாகம்மாள் தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, காலிக் குடங்களோடு அவர் தோட்டத்துக்கு வந்துவிட்டாள்.

“பூமி குடுக்குது, நாங்க மொள்றோம். வழி வுடு அண்ணாத்தே.”

திருவேங்கடம் குறுக்கே நின்றார். மல்லி மொட்டு வைத்திருந்த நேரம். தெருவே மொண்டால் செடி கருகிவிடும்.

“இது நான் வெட்ன கெணறு!”

“உப்பளம் கூட வெள்ளக்காரன் வெட்னதுதான்.”

பெண்கள் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கழியைத் தூக்கினார்.

“அடி. திருப்பி அடிக்க மாட்டோம்” என்றாள் நாகம்மாள். “அதயும் நீதான சொல்லிக் குடுத்த?”

கழி தானாகக் கீழே விழுந்தது. விட்டால் தோட்டம் போகும், விரட்டினால் பேர் போகும். பாவம், இரண்டும் அவருக்கு உயிர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு வாளியையும் கயிற்றையும் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்தார். திரும்பி வந்து, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பெண்களின் வரிசையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“கெணத்துக்காரன் ஒழிக!” என்று முதல் குரலும் அவரே கொடுத்தார்.

பெண்கள் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஒழிக!” என்றார்கள். அவ்வளவுதான், அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்று, “யாருடி அது, என் தோட்டத்துல வந்து கத்தறது?” என்றார். மறுபடி உட்கார்ந்து இன்னும் உரக்கக் கத்தினார்.

சத்தம் கேட்டுக் கன்னியம்மாள் வாளியும் கயிறுமாக வந்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் தள்ளுங்க” என்றாள் அவர் ஒருவரிடமே. “நாகம்மா, கொடத்த நீட்டு.”

“ஏய், அப்ப மல்லிச்செடி?” என்றார் திருவேங்கடம், ஈனசுரத்தில்.

“இத கேக்கறது தொண்டரா, தொரையா?” என்று கேட்டபடியே அவள் வாளியை இறக்கினாள்.

அந்த வருஷம் பாதித் தோட்டம் காய்ந்தது. ஆனாலும் கிணற்றுப் போராட்டத்தில் தான் ஜெயித்த கதையைத் திருவேங்கடம் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றது யார் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.