ஒரு மணி அடித்தால் டீ

நான் படித்தது நாலாவது. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் லோடு ஏற்றியவன், சொந்த லேத் பட்டறையும் மாடி வீடும் கட்டினேன். செல்போன் பரவிய நேரத்தில் என் மனைவி லட்சுமிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாடியிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் டீ வரும். இரண்டு கொடுத்தால் சாப்பாடு வரும். பேச்சே தேவைப்படவில்லை.

"இன்னா மொதலாளி, அம்மாவ பெல்லுலயே ஓட்டிக்கினு கீறீங்க!" என்பார் பட்டறை ஃபோர்மேன்.

"என்னை மாதிரி சந்தோஷமா குடித்தனம் பண்றவன் இந்த ஊர்லயே கெடையாதுப்பா" என்பேன்.

ஒருநாள் முற்பகலில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். டீ வரவில்லை. கோபத்தில் மறுபடி அடித்து, கட் செய்யாமல் விட்டேன். கீழே அவள் போன் அடித்து அடித்துத் தானாக அடங்கியது. பால் கருகும் வாடை மாடிக்கு வந்தது.

இறங்கி ஓடினேன். சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கையில் போன்.

"காலைலேருந்து நெஞ்சு வலிக்குதுய்யா."

"போன் கையிலதான கீது? அடிக்கறதுக்கு இன்னா?"

"ஒன்னு அடிச்சா டீ, ரெண்டு அடிச்சா சோறு. நெஞ்சு வலிச்சா எத்தினி அடிக்கணும்னு நீ சொல்லவே இல்லியே."

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டாள்.

இப்போது நானே கீழே இறங்கி டீ போடுகிறேன். ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். அவள் போன் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து ஓடுகிறேன். சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று யாராவது கேட்டால், அவளைக் கேளுங்கள் என்கிறேன்.