காலியாக இல்லாத ஃபோல்டர்

கோட்டைக்குப்பத்து மீனவர் தகவல் மையத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் ஐஸ்வர்யா. குப்பத்துப் பெண்தான், பொன்னேரியில் டிப்ளமா படித்தவள். காற்று, அலை எச்சரிக்கை வந்தால் அவளுடைய லினக்ஸ் மிஷின் அதை ஒரு ஃபோல்டரில் போடும். ஃபோல்டர் அவள் மிஷினிலேயே இருப்பதுபோலத் தெரிந்தாலும், அது கரையிலிருந்த வேறொரு மிஷினின் டிஸ்க். நெட்வொர்க் வழியாக இணைத்திருந்தாள். கரை மிஷின் அதைப் படித்து மைக்கில் அறிவிக்கும்.

ஆடி மாதம் ஒரு விடியலில் அவளுடைய சித்தப்பா பச்சைமுத்துவும் அவரோடு படகில் போகும் முத்துராஜும் கடலுக்குப் போனார்கள். முகத்துவாரம் தாண்டியதும் படகு கவிழ்ந்தது. முத்துராஜின் உடல் மறுநாள் ஒதுங்கியது. சித்தப்பா கிடைக்கவேயில்லை. அன்றைக்கு மைக் வாயே திறக்கவில்லை. எச்சரிக்கை வரவில்லை போல என்றது ஊர். ஐஸ்வர்யாவும் அப்படித்தான் நம்பினாள்.

பதினோராம் நாள் மிஷினை அணைத்துப் போட்டு, கரை டிஸ்கை மறுபடி இணைக்கப் போனபோது, ‘ஃபோல்டர் காலியாக இல்லை’ என்று திரையில் ஒரு வரி வந்தது. படகு கவிழ்ந்த அன்றும் காலை ஒன்பது மணிக்கு இதே வரி வந்திருந்தது. முந்தின ராத்திரி கரண்டு போய் வந்ததில் இணைப்பு அறுந்திருந்தது. அவசரத்தில், பரவாயில்லை இணை என்று கட்டளை கொடுத்துவிட்டாள்.

இம்முறை இணைக்காமல் உள்ளே பார்த்தாள். ஒரே ஒரு ஃபைல். அதே தேதி, காலை நாலு பத்து. ‘அலை பத்தடி எழும்பும், கடலுக்குப் போக வேண்டாம்.’ இணைப்பு இல்லாததால் அவள் மிஷினிலேயே விழுந்திருக்கிறது. அதன் மேல் கரை டிஸ்கை இணைத்து, கண்ணில் படாதபடி மூடியவள் அவளேதான்.

மேலாளர் தேவேந்திரன் எட்டிப் பார்த்தார். “அழிச்சுடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?”

அழிக்கவில்லை. நேரே சித்தப்பா வீட்டுக்குப் போனாள்.

“சித்தி, எச்சரிக்கை வந்துச்சு. என் மிஷின்ல மாட்டிக்கிச்சு. நான் பாக்கல.”

சித்தி ருக்கு எழுந்து நின்றாள். “அவரு போவலன்னு படுத்துங்கெடந்தாருடி. மைக்குல ஒண்ணும் சொல்லலியே, எழுந்து போய்யான்னு நான்தான் தொரத்துனேன். இத்தினி நாளா என்னையே சபிச்சிக்கினு கெடக்குறேன்.”

ஐஸ்வர்யா காலில் விழப்போனாள். ருக்கு விலகிக்கொண்டாள். “தொடாத. போயிடு.”

அன்று மாலை ஊர்க்கூட்டத்திலும் சொன்னாள். வேலை போயிற்று. போகும்முன், டிஸ்க் இணையாவிட்டால் மிஷினே அலறும்படி எழுதிவைத்தாள். இப்போது பொன்னேரியில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறாள். முத்துராஜின் அம்மா இருசம்மாள் ஏறும் பஸ்ஸில் அவள் ஏறுவதில்லை.