தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே

மகளுக்குக் கல்யாணம் தூத்துக்குடியில். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலையைப் படிக்க அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தே ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை ஊர்ச் சாமியார் ஒற்றைக்காலில் நின்றார். ஞானஸ்நானம் டெல்லியில் நடந்தது. எந்தச் சர்ச் என்று தெரிந்தவள் என் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. அந்தக் காலத்தில் தமிழ்ப் பூசைக்குச் சொந்த இடமே கிடையாது. எந்தச் சர்ச்சில் இடம் கொடுத்தார்களோ அங்கே போவோம்.

மே மாத வெயில். சரோஜினி நகரிலிருந்து பஸ் பிடித்துப் போய், நானும் மகளும் சர்ச் சர்ச்சாக நடந்தோம். கோல் மார்க்கெட், பஹார்கஞ்ச், கஷ்மீரி கேட். எங்கும் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"செங்கல் கட்டடம், வாசல்ல வேப்பமரம்," என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"டெல்லியில எல்லாச் சர்ச்சும் அப்படித்தான்ப்பா இருக்கு!"

நாலாவது சர்ச்சிலும் இல்லை. முட்டி விண்விண்ணென்று தெறிக்க, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"சரிப்பா, தலையில தண்ணி ஊத்தினதும் நான் கத்தினேன்னு சொல்வீங்களே, அந்த இடத்தை யோசிங்க. சுத்தி என்ன இருந்துச்சு?"

ஒரு எழவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்த வாரம் நான் ஆபீஸ் டூரில் போபாலில் இருந்தேன். தள்ளிப்போட்டிருக்கலாம், போடவில்லை. வெட்கங்கெட்டவன், பிறகு ஒவ்வொரு பிறந்தநாளிலும் கூட இருந்தவன் மாதிரி அந்தக் கதையைச் சொன்னேன். இனி முடியாது என்று தோன்றியது.

"நான் அன்னைக்கு வரல மக்களே. போபால்ல இருந்தேன்."

அவள் பாட்டிலை மெதுவாக மூடினாள்.

"திரும்பி வந்ததும் அம்மா திட்டியிருப்பாங்கள்ல? என்ன சொன்னாங்க?"

அப்போதுதான் என் மனைவியின் குரல் காதில் விழுந்தது. 'ஒத்தையில பிள்ளைய வச்சுக்கிட்டு நின்னேன். எதிர்த்த தீயணைப்பு நிலையத்துல மணி அடிச்சதும் பிள்ளை அலறிட்டு. நீங்க டூர் போங்க, நல்லாப் போங்க!'

தீயணைப்பு நிலையத்துக்கு எதிரே இருக்கும் சர்ச் என்றதும் ஆட்டோக்காரருக்கு உடனே புரிந்தது. அந்தச் சர்ச்சில் வேப்பமரமும் இல்லை, செங்கலும் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர். அங்கிருந்த மலையாளி சிஸ்டர் ரிஜிஸ்டரில் மகள் பெயரைக் கண்டுபிடித்தார். அதன் கீழே, தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு. குண்டு குண்டான எழுத்து என் மனைவியுடையது.

வருடா வருடம் நான் அந்தக் கதையை அளந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று கேக் வெட்டியவள். ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

"நிங்கள் கையெழுத்துதானே?" என்று சிஸ்டர் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர்," என்றேன். "இவ அம்மா போட்டது. நான் வரல."