அக்கா கூட்டிய கவலைக் கூட்டம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியில் எங்களோடு சேர்ந்து செபித்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் என் வணக்கம். இதை எழுதச் சொன்னவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். நன்றாகப் படித்த யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். "படிச்சவங்களுக்கு உன் அக்காவ எங்க தெரியும்? நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். நான் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் பலமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதற்கு மேல் கிழித்தால் அச்சகத்தார் கோபித்துக்கொள்வார்.

அக்கா பிறந்தது சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில், இப்போது இடித்துவிட்ட ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில். அப்பா கப்பல் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்த்தார். நாங்கள் இருவரும் வளர்ந்துகொண்டிருந்த வயதில் அப்பா திடீரென்று காலமானார். அக்கா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். நான் தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கப் போனேன். என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப அக்கா எவ்வளவோ முயன்றார். பரீட்சை என்றாலே எனக்குக் கை நடுங்கும். "சரி விடு, கையெழுத்தாவது அழகா இருக்கு" என்று ஒருநாள் விட்டுவிட்டார். அதற்காக என்னை அவர் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

கல்யாணமாகி சுவா சூ காங்கில் வீடு வாங்கிய பிறகு அக்கா பஸ் ஓட்டப் படித்தார். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பூன் லேயிலிருந்து புறப்படும் பஸ்ஸில் வேலை. முதல் வாரத்தில் நம் ஆள் ஒருவர், வயதானவர், ஏறி அக்காவைப் பார்த்துவிட்டு, "நான் அடுத்த பஸ்ல வரேம்மா" என்று இறங்கப் போனாராம். "அங்கிள், நான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா அடுத்த பஸ்ஸும் நான்தான் லா. வெயில்ல நிக்காதீங்க, ஏறுங்க" என்றாராம் அக்கா. அவர் ஏறி, அக்காவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து, இறங்கும்போது "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஒரு சொல்லை அக்கா பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்கு மலைப்பாதை ஆசை எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒருமுறை எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்குச் சுற்றுலா போனோம். வளைவில் எல்லோரும் தூங்கினார்கள், அல்லது வாந்தி எடுத்தார்கள். அத்தான் இரண்டாவது கட்சி. அக்கா மட்டும் முன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டுநரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் திரும்பியதும், "நம்ம ஊர்ல ரோடெல்லாம் தட்டையா இருக்கு, யாரோ போட்டுக் குடுத்த வழியில தினம் போறேன். வழிய நானே போட்டு ஒரு மலைய ஏறணும்" என்றார். அத்தான், "நான் வீட்ல இருந்து செபம் பண்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அக்காவும் நானும் புறப்பட்டுவிடுவோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் செல்வம் அண்ணன் என்பவர் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டிகளை வாடகைக்கு விடுகிறார். அங்கே வண்டி எடுத்து, பகாங், கிளந்தான் பக்கத்து மலைகளில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் மண்பாதைகளில் ஏறுவோம். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே கூடத்தில் வரைபடம் விரிந்துவிடும். வளைந்து வளைந்து போகும் பாதையின் மேல் அக்கா தையல் நூலை ஒட்டி ஒட்டி வைப்பார். பிறகு அந்த நூலை நேராக இழுத்து அளவுகோலில் வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்வார். உயரக்கோடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்க ஏத்தம் முட்டும், கீழ் கியர்லதான் போகணும்" என்பார். போனில் பார்த்தால் போதாதா என்று கேட்டால், "போன் பாதி வழியில சிக்னல் இல்லன்னு கைய விரிக்கும். தாள் விரிக்காது" என்பார்.

வழி போட்டு முடித்ததும் எனக்குப் போன் வரும். "டேய் தம்பி, சாயங்காலம் வா. வந்து பயப்படு."

இதுதான் எங்கள் வீட்டுக் கவலைக் கூட்டம். பெயர் வைத்தவர் அத்தான். சின்ன வயதிலிருந்தே நான் எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன். அதற்காக என்னைத் திட்டாதவர்கள் குறைவு. அக்கா மட்டும் என்னை வரைபடத்துக்கு முன்னால் உட்கார வைத்து, என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்வார்.

"வெள்ளம் பாலத்த அடிச்சிட்டுப் போயிருந்தா?"

"இந்தத் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பி வந்துடலாம்."

"சேத்துல சக்கரம் மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு பலகை எடுத்துக்கலாம்."

"யானை வந்தா?"

"நாம பின்னால எடுத்துடணும். அது அதோட ரோடு."

"நீ மயங்கி விழுந்துட்டா?"

"நீ ஓட்டுவ."

கடை வேனில் தேக்காவின் சந்துகளில் சரக்கு கொண்டுபோவதற்கே எனக்குக் கை வேர்க்கும். அக்கா விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த பயணத்திலேயே மேட்டில் பாதி வழியில் இறங்கி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். பதிலாகச் சொன்னதைச் செய்து பார்க்காமல் விடமாட்டார்.

ஜோகூரில் பலகை, கயிறு, இன்னொரு உதிரிச் சக்கரம், தண்ணீர்க் கேன் எல்லாம் ஏற்றும்போது, "என்னாக்கா இவ்ளோ சாமான், வீடு மாத்துறீங்களா?" என்று செல்வம் அண்ணன் கேட்டார். "இதெல்லாம் என் தம்பியோட பயம்" என்றார் அக்கா. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் செல்வம் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, "பயத்தையெல்லாம் ஏத்தியாச்சா? போய்ட்டு வாங்க" என்று வழியனுப்புவார். மண்பாதையில் ஒருமுறை நிஜமாகவே சக்கரம் புதைந்து பலகையை இறக்கியபோது, அக்கா அதைத் தட்டிக்கொடுத்து, என்னைப் பார்த்து, "தம்பி, நீ நல்லா பயப்பட்டடா" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

அப்படி ஒரு மேடு மட்டும் அக்காவுக்குக் கிடைக்காமலே இருந்தது. குவா மூசாங்கிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பக்கம், பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதை. அதன் முடிவில் ஒரு மலைமுகடு, இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. இரண்டு முறை போயும் வழியில் இருக்கும் ஓடையில் வெள்ளம். இரண்டு முறையும் திரும்பிவிட்டோம்.

பிறகு அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. சிகிச்சை பல மாதம் நடந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. இடையில் கொஞ்ச நாள் மருந்தை நிறுத்தி வைத்தார்கள். கவனமாகப் போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே எனக்குப் போன் வந்துவிட்டது.

"வா. வந்து பயப்படு."

போனேன். வரைபடம் விரிந்திருந்தது. அத்தான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஓடை, மழை, டயர், எல்லைச் சோதனையில் அக்காவுக்கு வரிசையில் நிற்க முடியுமா, மருந்துக்குக் குளிர்ச்சி வேண்டுமா, எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அப்புறம் வரைபடத்தை மடிக்கப் போனேன்.

"இன்னொன்னு இருக்குல்ல. கேளுடா" என்றார் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா."

"பொய் சொல்லாத. சரி, நானே கேக்கறேன். வழியில நான் போயிட்டா?"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா வரைபடத்தில் விரலை வைத்தார். அங்கே சின்னச் சின்னச் சிலுவைகளாகப் போட்டு வைத்திருந்தார். எல்லாம் ஆஸ்பத்திரிகள். "குவா மூசாங்குக்கு முன்னாடி ஆனா, வண்டியத் திருப்பு. அதுக்கு அப்புறம் ஆனா, மேல தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு விடு. ஃபாதர்கிட்ட பேசிட்டேன், நேரா அவருக்குப் போன் போடு. அழுதுக்கிட்டே ஓட்டாத, ஓரமா நிறுத்தி அழுதுட்டு ஓட்டு."

அடுப்படியிலிருந்து அத்தானின் குரல் வந்தது: "ரெண்டுக்கும் நட்ட நடுவுல ஆனா?"

அக்கா சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பாருடா, கூட்டத்துக்குப் புது ஆள் சேந்துட்டாரு!" அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீயை வைத்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார்.

குவாலா லிப்பிஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, காலையில் ஏறினோம். நான் ஓட்டினேன். அக்கா என் பக்கத்தில், வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு. அத்தான் பின்னால் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையுமாக, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. மருந்துப் பையை மட்டும் மார்போடு அணைத்திருந்தார்.

மண்பாதையில் இறங்கியதும் அக்கா வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட ஆரம்பித்தார். "டேய், ஓரம்! ஓரம் போகாத! பிரேக்க விடு, கியர இறக்கு! ஏசுவே!"

"அக்கா, மெதுவாத்தான் போறேன்."

"இந்தப் பக்கம் உக்காந்தா பள்ளம் நேராத் தெரியுதுடா! இத்தன வருஷம் இதப் பாத்துக்கிட்டா வந்த?"

"ஆமா."

அக்கா பள்ளத்தை இன்னொருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் பயம்தான்டா. முதல் நாள்லேருந்தே. நீ கேக்கற கேள்வியெல்லாம் எனக்கும் உள்ள ஓடும். நானே வாய் விட்டுக் கேட்டா சாவியத் தொட மாட்டேன். அதான் உன்னக் கேக்கச் சொல்லுவேன்."

பின்னாலிருந்து அத்தான், "அப்ப தைரியசாலின்னு நம்பி ஏமாந்தவன் நான் ஒருத்தன்தானா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அக்காவுக்குப் பயமே கிடையாது என்றுதான் உங்களில் பலரும் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். பஸ் ஓட்டப் போனபோதும், அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டபோதும், அந்தச் சிகிச்சை அறைக்குள் நடந்துபோனபோதும் அவர் பயந்துகொண்டேதான் போயிருக்கிறார்.

ஓடையில் அன்று கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதைத் தாண்டியதும் கடைசி ஏற்றம். வலி வந்துவிட்டது என்பது அக்காவின் முகத்தில் தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். நட்ட நடு என்று அத்தான் சொன்ன இடம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்தேன். அத்தான் கண்ணைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுத்தார். காத்திருந்தோம். வலி தணிந்ததும் அக்கா, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"எனக்கும்தான். போலாம்."

ஏறினோம். முகட்டில் வண்டியை நிறுத்தினால் எதிரில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். புளிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தோம். விலகவே இல்லை. "இதப் பாக்கத்தான் மூணு தடவ வந்தோமா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு இதுவே போதும், பள்ளம் தெரியல" என்றார் அத்தான். அவர் அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். இருவரும் அந்த ஈர மண்ணில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன், சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தாலும்.

இறங்கும்போது அக்கா தூங்கிவிட்டார். வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அந்த இறக்கம் முழுவதும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை.

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு சிகிச்சை பலன் தரவில்லை. அக்கா ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தார். பங்குத் தந்தை வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசிச் செபிக்க, நோயில் பூசுதல் பெற்றார். நல்ல நினைவோடு இருந்த ஒரு மதியம் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேட்டுவிட்டேன். "நீ இல்லாம நான் என்னக்கா பண்ணுவேன்?"

அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அதுக்கு நான் ஒண்ணும் பாத்து வைக்கலடா" என்றார். அக்கா எனக்குப் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான். மறு வாரம், அத்தான் கையைப் பிடித்திருக்க, வலியில்லாமல் இறைவனிடம் சென்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் நீங்கள்தான். இந்த ஒரு வருடம் முழுக்க. அதனால்தான் இந்த நன்றியைச் சடங்குக்காக எழுதவில்லை.

வீட்டுக்கே வந்து மருந்து கொடுத்து, போகும்போது என்னையும் "சாப்டீங்களா அங்கிள்?" என்று கேட்ட தாதியருக்கு நன்றி. கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததோடு நிற்காமல், அடக்கம் முடிந்த பிறகும் பல வாரம் அத்தானுக்கும் சேர்த்துச் சமைத்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்கள் மக்சிக்கு நன்றி. சீருடையோடு வந்து வரிசையாக நின்ற அக்காவின் பஸ் நண்பர்களுக்கும், கேட்டபோதெல்லாம் விடுப்புக் கொடுத்த என் முதலாளிக்கும், எங்கள் பங்குத் தந்தைக்கும், வீடுதோறும் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தாருக்கும் நன்றி. எல்லை தாண்டி அடக்கத்துக்கு வந்து பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வம் அண்ணனுக்கு நன்றி. ஞாயிறுதோறும் என்னைத் தனியாக விடாமல் சாப்பிடக் கூப்பிடும் அத்தானுக்கு, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் தயவுசெய்து வந்து என்னிடம் சொல்லுங்கள். அதை நினைத்து இப்போதே தூக்கம் போய்விட்டது.

திருப்பலி முடிந்ததும் கீழே மண்டபத்தில் உணவு இருக்கிறது. இரண்டாவது படி கொஞ்சம் உயரம் அதிகம், வயதானவர்கள் கம்பியைப் பிடித்து இறங்குங்கள். இந்த மாதத்தில் சாயங்காலம் மழை பிடிக்கும். குடை கொண்டு வராதவர்கள் வாசலில் நிற்கும் என்னிடம் கேளுங்கள். எல்லோருக்கும் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.