டிரம்முக்குள் ஓடிய படகு மோட்டார்

இராஜபாளையத்தில் படகு மோட்டார் மெக்கானிக் என்று சொன்னால் சிரிப்பார்கள். கடல் எங்கே, இந்த ஊர் எங்கே. பெலிக்ஸுக்கு அந்தச் சிரிப்பு பழகிப்போயிற்று. தூத்துக்குடியில் பாதி வயசு வரைக்கும் வள்ளத்து மோட்டார்களைக் கழற்றி மாட்டிவிட்டு, மனைவி பிரிஸ்கில்லாவின் ஊரோடு வந்து ஒண்டியவர். இங்கே பிழைப்பு பஞ்சு மில் ஜெனரேட்டர்கள்தான். படகு என்று இருப்பது ஒன்றே ஒன்று. கண்மாய் உடைந்து தண்ணீர் சூழ்ந்தால் ஆட்களைக் கொண்டுவர, மில் முதலாளி வைகுண்டராஜ் வாங்கிப் போட்ட ரப்பர் படகு. மில்லின் பின்பக்க ஷெட்டில் கிடக்கும். ஷெட்டுக்குக் காவல் குருசாமி.

அந்தப் படகு மோட்டாரின் உயிர், தண்ணீருக்குள் இறங்கும் அதன் காலுக்குள் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் சக்கரம். இம்பெல்லர் என்பார்கள். கீழே தண்ணீரை உறிஞ்சி என்ஜினுக்கு ஏற்றுவது அதுதான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அதன் இதழ்கள் கருகிவிடும். வெற்றிலை மடிக்கிற நேரம் போதும்.

போன வருசம் ஆயுத பூஜைக்குப் பெலிக்ஸ் ஊரில் இல்லை. சூடம் காட்டும்போது எல்லா மிஷினும் ஓடவேண்டும் என்பது மில் வழக்கம். குருசாமி படகு மோட்டாரையும் தரையில் வைத்தே ஓட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கார்த்திகை மழையில் கான்சாபுரம் பக்கம் மேட்டில் மாட்டிக்கொண்ட சண்முகத்தாயையும் அவள் ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, நட்டநடுத் தண்ணீரில் மோட்டார் கொதித்துக் கத்தியது. அணைத்துவிட்டு பெலிக்ஸ் துடுப்பைப் போட்டார்.

“துடுப்புதான் போடுவீகன்னா இந்த மிஷினை எதுக்குய்யா சொமந்துட்டு வந்தீக?” என்றாள் சண்முகத்தாய், ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி.

அன்றைக்குப் போன வலது தோள் இன்னும் திரும்பவில்லை. சட்டை மாட்டவே பிரிஸ்கில்லா கை கொடுக்கவேண்டியிருக்கிறது.

மோட்டாரைக் கழற்றிக் கருகிய இதழ்களைப் பார்த்தபிறகுதான் பூஜைக்கு ஓட்டிய கதை வெளியே வந்தது. கையிருப்பில் இருந்த கடைசி இம்பெல்லரை மாட்டியாயிற்று. அடுத்தது பொங்கலுக்குப் பிறகுதான் என்று தூத்துக்குடிக் கடைக்காரன் சொல்லிவிட்டான். இதுவும் கருகினால் இந்த மழைக்கும் துடுப்புதான். போட அவருக்குத் தோள் கிடையாது.

இந்த வருசம் பூஜைக்கு முன்னாலேயே குருசாமியிடம் போனார்.

“குருசாமி, படகு மோட்டாரை மட்டும் தொடாத.”

“மில்லுல அம்புட்டு மிஷினும் ஓடுது. இது மட்டும் பொணமா கெடக்கணுமாக்கும்?”

“தண்ணி இல்லாம ஓட்டுனா செத்துரும்யா.”

“பூசைக்கு ஓட்டி எந்த மிஷின் செத்துச்சுலே? போன வருசம் ஓட்டலையா?”

“ஓட்டுன வினைதான் என் தோள்ல கெடக்கே, தெரியலையா?”

குருசாமி காதில் வாங்கவில்லை. முதலாளி வந்து நிற்கும்போது ஒரு மிஷின் சும்மா கிடந்தால் அவருக்கு மானக்கேடு.

பெலிக்ஸ் வீட்டுக்கு வந்து புலம்பினார். பிரிஸ்கில்லா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “ஓட்டாதன்னா அவிய கேக்கமாட்டாவ. உங்களுக்கு வேண்டியது தண்ணிதான? தண்ணியக் கொண்டு போய் வைங்க.”

அவரும் அதைத்தான் யோசித்திருந்தார். சுமக்கவேண்டுமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

பூஜை அன்றைக்கு நீல டிரம் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார். மோட்டார் ஸ்டாண்டில் மாலையும் பொட்டுமாக நின்றது. மோட்டாரின் காலை டிரம்முக்குள் இறக்கி, இடது கையால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். குருசாமி வெள்ளை வேட்டி கசங்காமல் நின்று, “மோட்டாருக்குத் தலைப் பிரசவமா?” என்றார். பெலிக்ஸ் அடுத்த வாளியை ஊற்றினார். மூச்சு வாங்கியது.

முதலாளி வந்தார். மாலையோடு மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பெலிக்ஸே கயிற்றை இழுத்தார், இடது கையால். மூன்றாம் இழுப்பில் மோட்டார் எடுத்தது. மணி அடித்தது. சூடம் எரிந்தது.

தண்ணீர் வரவில்லை.

பம்பு ஓடினால் மோட்டாரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் நூலாகப் பீய்ச்சவேண்டும். ‘ஒண்ணுக்குப் போவுதா’ என்றுதான் தூத்துக்குடியில் கேட்பார்கள். போகவில்லை. அணைக்கலாம். சூடம் எரிகிறபோது மோட்டார் நின்றால் அபசகுனம் என்று அத்தனை பேரும் அவரைத்தான் பார்ப்பார்கள். அணைக்காவிட்டால் கடைசி இம்பெல்லர்.

என்ஜின் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். நல்ல மோட்டார் சுடத்தான் செய்யும். கை பொறுக்கிற சூடு, சூடான டீ கிளாஸைப் பிடித்த மாதிரி. கெட்டுப்போனால் தோசைக்கல், கை தானாகத் துள்ளும். இது டீ கிளாஸ். செத்த நேரம் வைத்தே இருந்தார். ஏறவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிறது.

அப்படியானால்? குனிந்து பார்த்தார். மோட்டார் முழுக்க வரிசையாகச் சந்தனம், குங்குமம். ஓட்டை இருக்கவேண்டிய இடத்திலும் கட்டியாக ஒரு பொட்டு.

ஊதுபத்தி ஒன்றை உருவி, எரியாத முனையால் அந்தப் பொட்டைக் குத்தினார். தண்ணீர் சிவப்பும் மஞ்சளுமாகப் பீய்ச்சி, எதிரே நின்ற குருசாமியின் வேட்டியில் பாதியை நனைத்தது.

“பாவி, வேட்டி போச்சேலே.”

“இம்பெல்லர் இருக்கு,” என்றார் பெலிக்ஸ்.

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு ஜெனரேட்டர் பக்கம் நகர்ந்தார். கூட்டமும் போய்விட்டது. டிரம் மட்டும் நிறைந்து நின்றது. பெலிக்ஸ் மோட்டாரை அணைத்து, காலை மேலே மடக்கிவிட்டு, டிரம்மை ஒற்றைக் கையால் சாய்த்துப் பார்த்தார், அசையவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

கறைபட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குருசாமி வந்தார். பொரியும் கடலையும் பெலிக்ஸ் மடியில் கொட்டினார். அந்தத் தோளைச் செத்த நேரம் பார்த்தார்.

“நீ எந்திரிக்காத,” என்று சொல்லிவிட்டு, டிரம்மைத் தானே சாய்த்தார்.